எக்காலத்துக்குமான சிறந்த அணி (பேஸ்பால்)

எக்காலத்துக்குமான சிறந்த அணி என்பது, ஒரு பேஸ்பால் கழகத்தின் வரலாறு முழுவதிலும் ஆடிய வீரர்களிலிருந்து ஆட்ட இடத்துக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்து அமைக்கப்படும் கற்பனை அணியாகும். 1927-இல் ஆடியவரும் 2022-இல் ஆடியவரும் அதில் அருகருகே நிற்பார்கள். எந்த மைதானத்திலும் ஆடப்போகாத அணி இது. ஆனாலும் அமெரிக்காவில் செய்தித்தாள்களும் நூல்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் இதைப் பற்றிப் பல தலைமுறைகளாக விவாதித்து வருகின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பெயர்களைப் பற்றிய சண்டை. உண்மையில் கருத்து வேறுபாடுகளில் பெரும்பாலானவை விதிகளைப் பற்றியவை. ஊர் மாறிய கழகம் அதே கழகம்தானா? ஒருவர் எத்தனை ஆண்டு ஆடியிருக்க வேண்டும்? போருக்குப் போன ஆண்டுகளை எப்படிக் கணக்கிடுவது? நிறத்தின் காரணமாக ஆடவே விடப்படாதவர்களை எங்கே வைப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாமல் எழுதப்படும் பட்டியல் அரைகுறையாகவே நிற்கும்.

ஆட்டமும் ஒன்பது இடங்களும்

பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது பேர் களத்தில் நிற்பர். பந்தை எறிபவர் பிட்சர். மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு ஒவ்வொருவர் காவல் இருப்பர். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். இடது, நடு, வலது வெளிக்களங்களில் மூவர் நிற்பர்.

அமெரிக்கன் லீக் 1973-இல் பத்தாவது இடம் ஒன்றைச் சேர்த்தது. பிட்சருக்குப் பதிலாக மட்டை அடிக்க மட்டும் வரும் இந்த வீரரை டெசிக்னேட்டட் ஹிட்டர் என்பர். 2022 முதல் நேஷனல் லீக்கிலும் இது நிலையான விதியானது. எனவே இன்று பட்டியல் எழுதுபவர் ஒன்பது பேரா, பத்துப் பேரா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இடங்களை நிரப்பியதும் வேலை முடிந்துவிடாது. கிரிக்கெட்டைப் போலவே இங்கும் மட்டை அடிக்கும் வரிசை உண்டு. முதலில் வருபவர் எப்படியாவது தளத்தை அடைபவராக இருக்க வேண்டும். மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வருபவர்கள், தளத்தில் நிற்பவர்களை வீட்டுத் தளத்துக்குக் கொண்டுவரும் வலுவான மட்டையாளர்களாக இருக்க வேண்டும். நியூயார்க் யாங்கீஸ் கழகம் 1929-இல் சட்டைகளில் எண் பொறித்தபோது இந்த வரிசைப்படியே எண்களை வழங்கியது. பேப் ரூத் 3, லூ கெரிக் 4 ஆகிய எண்களைப் பெற்றது அப்படித்தான்.

வாக்கெடுப்புகள்

தொழில்முறைப் பேஸ்பாலின் நூற்றாண்டு 1969-இல் கொண்டாடப்பட்டது. அதையொட்டி நடந்த தேர்வில் எக்காலத்துக்குமான சிறந்த வீரராக பேப் ரூத்தும், அப்போது உயிருடன் இருந்தவர்களில் சிறந்தவராக ஜோ டிமாஜியோவும் அறிவிக்கப்பட்டனர்.

நூற்றாண்டின் சிறந்த அணியை ரசிகர்கள் 1999-இல் தேர்ந்தெடுத்தனர். அந்த வாக்கெடுப்பு ஒரு குறைபாட்டை வெளிக்காட்டியது. 25 பேரை ரசிகர்கள் தேர்ந்தெடுத்த பின், விடுபட்டவர்களைச் சேர்க்க ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. அக்குழு ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், லெஃப்டி குரோவ், ஸ்டான் மியூசியல், வாரன் ஸ்பான் ஆகிய ஐவரைச் சேர்த்தது. மியூசியல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற ஒரே கழகத்துக்காக ஆடி 3,630 ஹிட்கள் எடுத்தவர். அப்படிப்பட்டவரே ரசிகர் வாக்கில் விடுபட்டுப் போனார். வாக்களிப்பவர்கள் தாம் கண்ணால் பார்த்தவர்களையும் அடிக்கடி பேசப்படுபவர்களையும் முன்னே வைப்பது இயல்பு என்பதை இது காட்டுகிறது.

2015-இல் 30 கழகங்களுக்கும் தலா நான்கு வீரர்களை ரசிகர்கள் தேர்ந்தெடுத்தனர். யாங்கீஸ் கழகத்துக்கு ரூத், கெரிக், டிமாஜியோ, மிக்கி மேண்டில் ஆகியோர் தேர்வாயினர். பத்து முறை உலகத் தொடர் வென்ற யோகி பெர்ராவுக்கும், 3,465 ஹிட்கள் எடுத்த டெரெக் ஜீட்டருக்கும் அந்த நால்வரில் இடமில்லை. ஆட்ட இடங்களைக் கணக்கில் கொள்ளாமல் தேர்ந்தெடுப்பதற்கும், ஒன்பது இடங்களை நிரப்புவதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். இடவாரியாகத் தேர்ந்தெடுத்தால் பெர்ராவையும் ஜீட்டரையும் ஒதுக்குவது மிகக் கடினம்.

எடுத்துக்காட்டு: நியூயார்க் யாங்கீஸ்

27 முறை உலகத் தொடர் வென்ற யாங்கீஸ் கழகத்தின் பட்டியலில் சில இடங்களுக்கு விவாதமே இல்லை. முதல் தளத்தில் லூ கெரிக். அவர் தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள் ஆடினார். அச்சாதனை 1995 வரை நின்றது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் எறிய வரும் பிட்சராக மரியானோ ரிவேரா. 652 சேவ்கள் பெற்ற இவர், 2019-இல் வாக்களித்தவர்கள் அனைவரது ஆதரவோடும் புகழ் மன்றத்துக்குத் தேர்வான முதல் வீரர். தொடக்க எறிவாளராக, 236 வெற்றிகளையும் யாங்கீஸுக்காகவே பெற்ற வைட்டி ஃபோர்டு.

மற்ற இடங்களில் சிக்கல் தொடங்குகிறது.

கேட்சர்: 1928 முதல் 1946 வரை ஆடிய பில் டிக்கியா, மூன்று முறை மிகச்சிறந்த வீரர் விருது பெற்ற யோகி பெர்ராவா? பெர்ராவுக்குக் கேட்சர் கலையைக் கற்றுக் கொடுத்தவரே டிக்கிதான். இருவரும் அணிந்தது எண் 8. கழகம் 1972-இல் அந்த எண்ணை இருவர் பெயரிலும் ஓய்வு கொடுத்துச் சிக்கலைத் தீர்த்தது. பட்டியல் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலோர் பெர்ராவையே எழுதுகின்றனர்.

நடு வெளிக்களம்: டிமாஜியோவும் மேண்டிலும் இங்கேதான் ஆடினர். டிமாஜியோ 1941-இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் எடுத்தார். மேண்டில் 536 ஹோம் ரன்கள் அடித்தார். இருவரையும் சேர்க்க விரும்புபவர்கள் ஒருவரை இடது வெளிக்களத்துக்கு நகர்த்துகிறார்கள். கண்டிப்பானவர்கள் இதை ஏற்பதில்லை. அவர் முறையாக ஆடாத இடத்தில் அவரை நிறுத்துவது கற்பனைக்குள் இன்னொரு கற்பனை என்பது அவர்கள் வாதம்.

வலது வெளிக்களம்: பேப் ரூத் யாங்கீஸுக்காக மட்டும் 659 ஹோம் ரன்கள் அடித்தவர். 2022-இல் 62 ஹோம் ரன்கள் அடித்து அமெரிக்கன் லீக் சாதனை படைத்த ஆரன் ஜட்ஜும் இதே இடத்தவர். கண்ணில் வெயில் படும் பக்கத்தைத் தவிர்ப்பதற்காக ரூத் பல ஊர் மைதானங்களில் இடது வெளிக்களத்தில் ஆடியுள்ளார். ஆகையால் ரூத்தை இடப்புறம் மாற்றி ஜட்ஜுக்கு இடம் தருவதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. மேண்டிலை நகர்த்துவதற்கும் ரூத்தை நகர்த்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாம் தளம்: அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஷார்ட்ஸ்டாப்பாகப் பெயர் பெற்றவர். 2004-இல் யாங்கீஸுக்கு வந்தபோது ஜீட்டர் அந்த இடத்தில் இருந்ததால் மூன்றாம் தளத்துக்கு மாறினார். 2005, 2007 ஆண்டுகளில் மிகச்சிறந்த வீரர் விருதும் பெற்றார். ஆனால் ஊக்கமருந்து விவகாரத்தில் 2014 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டார். இவரை ஏற்க விரும்பாதவர்கள் 1973 முதல் 1983 வரை ஆடிய கிரெய்க் நெட்டில்ஸை எழுதுகிறார்கள். இங்கே விவாதம் திறமையிலிருந்து நடத்தைக்கு மாறிவிடுகிறது.

இரண்டாம் தளத்துக்கு டோனி லசேரி, ஜோ கார்டன், வில்லி ராண்டால்ஃப், ராபின்சன் கனோ என நால்வருக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மற்ற எட்டுப் பெயர்களில் ஒத்துப்போகிறவர்கள் கூட இங்கே பிரிந்துவிடுவார்கள்.

ஒரே இடத்தில் பலர்: பாஸ்டன் ரெட் சாக்ஸ்

சில கழகங்களுக்கு ஓரிடத்தில் மட்டும் செல்வம் குவிந்துவிடும். பாஸ்டனின் இடது வெளிக்களத்தில் 1939-இல் வந்த டெட் வில்லியம்ஸ், அவருக்குப் பின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, அவருக்குப் பின் ஜிம் ரைஸ் என மூன்று புகழ் மன்ற வீரர்கள் அடுத்தடுத்து ஆடினர். யஸ்ட்ரெம்ஸ்கி முதல் தளத்திலும் பல ஆட்டங்கள் ஆடியிருப்பதால் அவரை அங்கே மாற்ற வழி இருக்கிறது. ரைஸ் வெளியே நிற்க நேரும்.

பிட்சர் இடத்திலும் இதே நிலை. இக்கழகத்துக்காக அதிக வெற்றிகள் பெற்றவர் யார் என்றால் சை யங், ரோஜர் கிளெமன்ஸ் இருவரும் சரியாக 192 வெற்றிகளோடு சமமாக நிற்கிறார்கள். பேப் ரூத்தும் தொடக்கத்தில் பாஸ்டனின் பிட்சர்தான். அங்கே 89 வெற்றிகள் பெற்றார். ஆகவே ரூத் ஒரு கழகத்தின் பட்டியலில் வெளிக்கள வீரராகவும், இன்னொன்றின் பட்டியலில் எறிவாளராகவும் பேசப்படுகிறார்.

ஊர் மாறிய கழகங்கள்

அமெரிக்காவில் கழகங்கள் ஊர் விட்டு ஊர் போவதுண்டு. அப்போது வரலாறு யாருடன் போகிறது என்ற கேள்வி எழும். அதிகாரப்பூர்வக் கணக்கில் சாதனைகள் கழகத்தோடு போகின்றன, ஊரோடு தங்குவதில்லை.

வாஷிங்டன் நகரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வால்டர் ஜான்சன் தம் 417 வெற்றிகளையும் வாஷிங்டன் செனட்டர்ஸ் கழகத்துக்காகவே பெற்றார். அக்கழகம் 1961-இல் மினசோட்டா ட்வின்ஸ் ஆனது. அதே ஆண்டில் வாஷிங்டனுக்குப் புதிதாகத் தரப்பட்ட இன்னொரு செனட்டர்ஸ் கழகம் 1972-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஆனது. இப்போது வாஷிங்டனில் இருக்கும் நேஷனல்ஸ் கழகம் 2005-இல் கனடாவின் மான்ட்ரியாலிலிருந்து வந்தது.

கழகக் கணக்குப்படி ஜான்சன் மினசோட்டா பட்டியலில் வர வேண்டும்; அவர் அந்த மாநிலத்துக்காக ஒரு பந்தும் எறிந்ததில்லை. நேஷனல்ஸ் பட்டியலில் மான்ட்ரியாலில் ஆடிய கேரி கார்ட்டரும் டிம் ரெய்ன்ஸும் வருவர். ஊர்க் கணக்குப்படி எழுதினால் எல்லாம் மாறிவிடும். இரண்டில் எது சரி என்பதற்குப் பொது முடிவு கிடையாது. எந்தக் கணக்கு என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே குறிப்பிடுவது நல்லது.

டாட்ஜர்ஸ் கழகம் 1958-இல் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சென்றது. மூன்று முறை மிகச்சிறந்த வீரர் விருது பெற்ற கேட்சர் ராய் காம்பனெல்லா, அந்த ஆண்டு ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தால் முடங்கிப்போனார். புதிய ஊரில் அவர் ஒருமுறையும் ஆடவில்லை. ஆயினும் டாட்ஜர்ஸ் பட்டியலில் கேட்சர் இடத்துக்கு முதலில் சொல்லப்படும் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

காலங்களை ஒப்பிடுதல்

வெவ்வேறு காலத்து எண்களை அப்படியே ஒப்பிடுவது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். 1930-இல் நேஷனல் லீக் முழுவதின் மட்டை சராசரியே 0.303. 1968-இல் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்ற யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி 0.301. எண்ணை மட்டும் பார்த்தால் 1930-இன் சாதாரண வீரர் 1968-இன் முதல்வரை மிஞ்சிவிடுவார். உண்மையில் 1968 எறிவாளர்களின் ஆண்டு. மட்டையாளர்கள் அவ்வளவு திணறியதால், அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

இதனால் ஆய்வாளர்கள் ஒரு வீரரை அவர் காலத்துச் சராசரி வீரரோடு ஒப்பிடும் அளவைகளை உருவாக்கினர். ஓபிஎஸ் பிளஸ் என்ற அளவையில் 100 என்பது அந்த ஆண்டின் சராசரி. 150 பெற்றவர் சராசரியை விட 50 விழுக்காடு மேலானவர். வார் என்ற அளவை, எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று வீரரை விட ஒருவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று மதிப்பிடுகிறது. இவை விவாதத்தைத் தெளிவாக்குகின்றன, முடித்துவைப்பதில்லை.

உச்சமா, நீடிப்பா என்ற கேள்வியை இவ்வளவைகளாலும் தீர்க்க முடியவில்லை. டாட்ஜர்ஸ் கழகத்துக்காக அதிக வெற்றிகள் பெற்றவர் 233 வெற்றிகளோடு டான் சட்டன். சாண்டி கோஃபாக்ஸ் பெற்றவை 165 மட்டுமே. கைமூட்டு வாதத்தால் 1966-இல் 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். ஆனால் கடைசி நான்கு ஆண்டுகளில் மூன்று முறை சை யங் விருது பெற்றார். அப்போது இரண்டு லீக்குகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரே விருதுதான் இருந்தது. ஓர் ஆட்டத்தை மட்டும் வெல்ல வேண்டுமென்றால் கோஃபாக்ஸ் என்பர்; பதினைந்து ஆண்டுகள் அணியைத் தாங்க வேண்டுமென்றால் சட்டன் என்பர். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

போர் பறித்த ஆண்டுகளும் உண்டு. டிமாஜியோவும் டெட் வில்லியம்ஸும் 1943 முதல் 1945 வரை படையில் இருந்தனர். வில்லியம்ஸ் கொரியப் போரிலும் விமானியாகப் பணியாற்றி மேலும் இரு பருவங்களில் பெரும்பகுதியை இழந்தார். அப்படியிருந்தும் அவர் 521 ஹோம் ரன்கள் அடித்தார்.

நிறத்தடையும் விடுபட்ட பெயர்களும்

போருக்குச் சென்றவர்கள் சில ஆண்டுகளை இழந்தார்கள். கறுப்பின வீரர்களில் பலர் தம் ஆட்டக்காலம் முழுவதையும் இழந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கும் வரை, மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடம் தரப்படவில்லை. அவர்கள் நீக்ரோ லீக்குகள் என அக்காலத்தில் அழைக்கப்பட்ட தனி லீக்குகளில் ஆடினர்.

அங்கே ஆடியவர்களில் ஒருவர் கேட்சர் ஜோஷ் கிப்சன். பிட்ஸ்பர்க் நகரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் கழகத்துக்காக ஆடியவர். கிரேஸ் கழகம், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகத்தின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்திலேயே ஆட்டங்கள் ஆடியது. ஒரே மைதானத்தில் ஆடியும் பைரேட்ஸ் சட்டையை அணிய அவருக்கு வழியில்லை. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1947 ஜனவரியில், 35 வயதில் கிப்சன் இறந்தார்.

தடை நீங்கிய பின்னும் வேகம் ஒன்றாக இல்லை. யாங்கீஸ் தம் முதல் கறுப்பின வீரரான எல்ஸ்டன் ஹோவார்டை 1955-இல்தான் சேர்த்தது. பாஸ்டன் 1959 வரை எவரையும் சேர்க்கவில்லை. சாட்சல் பேஜ் 1948-இல் கிளீவ்லாந்து அணியில் முதன்முதலாக மேஜர் லீக் பந்தை எறிந்தபோது அவருக்கு வயது 42. கழகங்களின் பழைய பட்டியல்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். 1947-க்கு முற்பட்ட ஒவ்வொரு தேர்வும் ஒரு பகுதி வீரர்களை மட்டுமே கொண்ட கூட்டத்திலிருந்து எடுத்த தேர்வாகும்.

டெட் வில்லியம்ஸ் 1966-இல் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்ட நாளில், கிப்சனும் பேஜும் அங்கே இடம்பெற வேண்டும் என்று தம் ஏற்புரையில் கேட்டுக்கொண்டார். பேஜ் 1971-இலும் கிப்சன் 1972-இலும் சேர்க்கப்பட்டனர். 1999 வாக்கெடுப்பின் இறுதி 30 பேரில், நீக்ரோ லீக்குகளில் மட்டும் ஆடிய ஒருவரும் இல்லை.

1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக் தகுதி உடையவை என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அங்கு ஆடிய 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் எண்கள் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் மட்டை சராசரியில் 0.372 பெற்ற கிப்சன், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபை முந்தினார். 1943-இல் அவர் பெற்ற 0.466, ஒரே பருவத்தின் மிக உயர்ந்த சராசரியானது. பர்மிங்காம் பிளாக் பாரன்ஸ் கழகத்துக்காக 1948-இல் ஆடிய வில்லி மேஸின் கணக்கில் பத்து ஹிட்கள் கூடின.

ஆனால் ஏட்டில் இடம் கிடைத்தவர்களுக்கும் கழகப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. மேஜர் லீக் கதவு திறந்ததும் நல்ல வீரர்கள் அங்கே போனார்கள், ரசிகர்களும் போனார்கள், நீக்ரோ லீக் கழகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஹோம்ஸ்டெட் கிரேஸ் கழகத்துக்கு இன்று வாரிசு இல்லை. ஒவ்வொரு கழகத்துக்கும் சிறந்த அணி எழுதும் விளையாட்டில், இருக்கும் 30 கழகங்களுக்கே பட்டியல் எழுதப்படுகிறது. எனவே வாழ்நாள் சராசரியில் முதலிடம் பெற்ற வீரருக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லாத நிலை உருவாகிறது.

இதற்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஊர்க் கணக்கை ஏற்று, பிட்ஸ்பர்க் நகரின் சிறந்த அணியில் கிப்சனைக் கேட்சராக வைப்பது ஒன்று. கிரேஸ், கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ், நூவர்க் ஈகிள்ஸ் போன்ற மறைந்த கழகங்களுக்கும் தனிப் பட்டியல் எழுதுவது மற்றொன்று. முதல் வழியில் ஓர் எச்சரிக்கை தேவை. பைரேட்ஸ் கழகம் அவரை ஆட விடவில்லை என்ற உண்மை, அக்கழகத்தின் சட்டையை அவருக்குப் போட்டுவிடுவதால் மறைந்துவிடக் கூடாது. இரண்டாம் வழி வரலாற்றுக்கு நெருக்கமானது. ஆனால் அதற்குப் படிப்பும் பொறுமையும் வேண்டும்.

பட்டியல் தயாரிக்கும் முறை

மாணவர்கள் இத்தகைய பட்டியலைப் பயிற்சியாக எழுத விரும்பினால், பெயர்களை எழுதும் முன் கீழ்க்கண்டவற்றை முடிவு செய்ய வேண்டும்.

1. கழகக் கணக்கா, ஊர்க் கணக்கா?
2. அக்கழகத்துக்காகக் குறைந்தது எத்தனை பருவங்கள் ஆடியிருக்க வேண்டும்? அங்கே ஆடிய காலத்தின் எண்கள் மட்டுமா, வாழ்நாள் எண்களா?
3. ஒருவரை அவர் முறையாக ஆடிய இடத்தில் மட்டும் வைப்பதா, மாற்றலாமா?
4. உச்ச ஆண்டுகளுக்கு முதன்மையா, நீண்ட உழைப்புக்கா?
5. எண்களை அவ்வக்காலச் சராசரியோடு ஒப்பிட்டாயிற்றா?
6. ஊக்கமருந்து, சூதாட்டம் போன்றவற்றால் தடைபட்டவர்களை ஏற்பதா?
7. ஆட வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களை எவ்வாறு குறிப்பிடுவது?

ஆறாவது கேள்விக்கு சின்சினாட்டி ரெட்ஸ் வீரர் பீட் ரோஸ் நல்ல எடுத்துக்காட்டு. 4,256 ஹிட்கள் எடுத்து முதலிடம் பெற்ற இவர், சூதாட்டத்துக்காக 1989-இல் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டார். இருப்பினும் 1999 வாக்கெடுப்பில் இவர் பெயர் அனுமதிக்கப்பட்டது, ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2024-இல் இறந்த இவரது பெயர் 2025 மே மாதத்தில் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஒரே வீரருக்கு நிர்வாகம் ஒரு விடையும் ரசிகர்கள் வேறொரு விடையும் பல ஆண்டுகள் வைத்திருந்தனர்.

இந்த ஏழு கேள்விகளுக்கும் விடை எழுதிய பின் இருவர் தத்தம் பட்டியல்களை ஒப்பிட்டால், எந்தப் பெயரில் வேறுபடுகிறோம் என்பதோடு எந்த விதியில் வேறுபடுகிறோம் என்பதும் தெரியவரும். விதியில் ஒத்துப்போனவர்கள் பெயரில் வேறுபட்டால், எண்களைப் பார்த்துப் பேசித் தீர்க்கலாம். விதியிலேயே வேறுபட்டிருந்தால் எத்தனை எண்களைக் காட்டினாலும் தீராது. அங்கே முதலில் விதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.